கடைசித் தெருவுக்கு முதல் தண்ணீர்

இதைப் படிப்பவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து மழையில் நனைந்த எறும்பு வரிசை போல அங்கங்கே அறுந்து கிடக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பிழைகளை யாராவது திருத்திக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எங்கள் ஊரில் முன்பு தலைவராக இருந்த அம்மா போன மாதம் இறந்துபோனார்கள். எங்கள் ஊரிலிருந்து சாவுக்குப் போனவன் நான் ஒருவன்தான். அங்கேயும் யாரிடமும் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

வால்வு சாவி என்றால் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, மேலே குறுக்கே ஒரு பிடி. அதைத் தண்ணீர்த் தொட்டியின் அடியிலுள்ள பள்ளத்தில் விட்டுத் திருகினால் தெருவுக்குத் தண்ணீர் போகும். ஒரு விடியற்காலையில் அந்தச் சாவியின் பிடியை ஒரு பெண்ணின் கை தொட்டுப் பார்த்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. வளையல் இல்லாத கை. "இன்னா தம்பி, இத எந்தப் பக்கம் சுத்தணும்?" என்று கேட்டார்கள். நான் ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவன். அவர்கள் ஊராட்சித் தலைவர். தலைவராகி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே வெகு காலமாக ஒருவர்தான் தலைவர். அவரைப் பெரியவர் என்றே எழுதுகிறேன். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஊரில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டால் அவருடைய வேன்தான் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடும். ரேஷன் அட்டை, பட்டா, போலீஸ் ஸ்டேஷன், எல்லாவற்றுக்கும் அவர் கூட வருவார். பதிலுக்கு எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. அவர் தெருவில் நடந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் தாமாகவே எழுந்து நிற்பார்கள். அதிகாரம் என்பது நாற்காலியில் இருக்கிறது என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது எழுந்து நிற்கிறவர்களின் முழங்காலில் இருக்கிறது என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தபோது எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. பெரியவர் வீட்டில் மூன்று பெண்கள். அவர் மனைவிக்கு முழங்கால் வலி, ஆபீஸ் படி ஏறமாட்டார். மருமகள் படித்தவள், கேள்வி கேட்பாள். மூன்றாவது, இறந்துபோன தம்பியின் மனைவி. பின்கட்டு அறையில் ஒரு மகளோடு இருந்தார்கள். "அது வாயே தொறக்காத பொண்ணு, அதையே நிறுத்திடலாம்" என்று பெரியவர் சொன்னதை டீக்கடையில் எல்லோரும் கேட்டோம். "அப்ப ஓட்டு அந்தம்மாவுக்கு, சலாம் உங்களுக்கா அண்ணாத்த?" என்று ஒருவன் கேட்க, பெரியவரே சிரித்துவிட்டார். எதிர்த்து நின்றவள் பெயருக்கு நின்றாள். இப்படித்தான் ஒரு பெண் பின்கட்டிலிருந்து நேராகத் தலைவர் நாற்காலிக்கு வந்தாள்.

புதுத் தண்ணீர்த் தொட்டி திறப்பு விழாவுக்கு அவர்கள் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். ஆனால் கற்பூரம் ஏற்றியதும் வால்வைத் திருகியதும் பெரியவர். தாலி இழந்தவள் கை நல்ல காரியத்தில் முன்னே வரக்கூடாது என்று பெண்களே சொன்னார்கள். ஒருத்தி அவர்கள் தோளை மெதுவாகப் பிடித்து, "நீ கொஞ்சம் பின்னால நில்லும்மா" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். தலைவரம்மா தொட்டியின் தூணுக்குப் பின்னால் போய் நின்றார்கள். மேளச் சத்தத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த விடியற்காலை. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார்கள். சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வால்வாகக் கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு தொட்டித் தண்ணீர்தான். முதலில் பெரிய தெரு, பிறகு கோயில் தெரு, கடைசியாகக் கடலோரத்துக் கடைசித் தெரு. அதற்குள் தொட்டி அடி தட்டிவிடும். அங்கே கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர். அதனால் அந்தத் தெருக்காரர்கள் குழாய்த் தண்ணீரை நம்பித்தான் இருந்தார்கள்.

"கடைசியா தொறக்கறத மொதல்ல தொறந்தா?"

"பெரியவரு இன்னா சொல்வாரோ, அவரைக் கேக்கணும்மா."

"பிரஸ்டெண்டு யாரு தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள். "நீங்கதாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் தொட்டியை அண்ணாந்து பார்த்தார்கள். "அப்ப தொற."

மறுநாளே அது கெட்டுப்போனது. கடைசித் தெருவில் தண்ணீர் எப்போதும் சொட்டாகத்தான் வரும். அதனால் அந்த மக்கள் குழாய்க்குக் குழாய் பள்ளம் தோண்டி, பைப்பைத் தாழ அறுத்து, மண் சரியாமலிருக்க சிமெண்ட் உறை இறக்கி, உள்ளே குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். அறுத்த பைப்புக்கு மூட ஒன்றும் கிடையாது. எனக்கு அது தினமும் பார்க்கிற காட்சி, அதனால் சொல்லத் தோன்றவில்லை. தலைவரம்மாவோ அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததே இல்லை. விடியற்காலையில் பெண்கள் எல்லோரும் கரைக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் தண்ணீர் முழு வேகத்தில் வந்து, குழிகளை நிரப்பி, வழிந்து, மணலில் போய்விட்டது. பெரிய தெருவில் ஒரு குடம்கூட இல்லை.

பெரியவர் சத்தம் போடவில்லை. டீக்கடை வாசலில் நின்று, "நம்ம பிரஸ்டெண்டம்மா கடலுக்குத் தண்ணி ஊத்திகீது. பாவம், கடலுக்கும் தாகம் எடுக்கும் இல்ல?" என்றார். ஊரே சிரித்தது. அன்றைக்கு அவர்கள் பின்கட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ஆனால் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு கடைசித் தெருவுக்கு நடந்தார்கள். குழிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்கள். அந்தத் தெருவில் எல்லோரும் மதிக்கிற மீன்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா பிரஸ்டெண்டம்மா, வழி தெரியாம வந்துட்டியா?"

"இந்தக் குழியெல்லாம் மூடிடுங்க. பைப்ப மேல தூக்கி குழா மாட்டித் தரேன். காலைல மொதத் தண்ணி உங்களுக்குத்தான்."

"நீ கீற வரைக்கும் வரும். அப்பால?"

"அப்பாலயும் வரும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

மீன்காரம்மா சிரிக்கவில்லை. "இந்த உறைய இறக்க எம் புருசன் எம்மா பாடு பட்டான்னு தெரியுமா உனக்கு? உருவி எடுத்தா ஒடைஞ்சிடும். மறுபடி வராது" என்றாள். தலைவரம்மா தலையாட்டினார்கள். மறுபடியும் அதையே சொன்னார்கள். "நான் சொல்றேன்."

ஊராட்சிக் கூட்டத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் பெரியவரின் ஆட்கள். கடைசித் தெருவுக்குக் குழாய் வாங்கித் தரச் சம்மதிக்கமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். தலைவரம்மா அந்தத் தெருவின் பெயரையே எடுக்கவில்லை. "தண்ணி மண்ணுல போவுது, பெரிய தெரு காயுது. குழா மாட்டி அடைக்கலாமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டார்கள். எல்லாக் கையும் மேலே போயிற்று. வெளியே வந்த பிறகுதான் ஒருவர், "நாம எதுக்குடா கை தூக்கனோம்?" என்று கேட்டார். குழாய்கள் வந்து சேர்ந்த அன்று மாலை கடைசித் தெருவில் உறைகளை உருவினார்கள். பாதி உடைந்தது. மீன்காரம்மாதான் முதல் குழியில் மண்ணைத் தள்ளினாள்.

பிறகு தேர்தல் வரும்வரை ஒவ்வொரு காலையும் முதல் தண்ணீர் கடைசித் தெருவுக்குப் போயிற்று. எல்லாத் தெருவுக்கும் வந்தது, பெரிய தெருவுக்கு மட்டும் கொஞ்சம் குறைவாக. அதற்காக யாரும் தலைவரம்மாவை அடிக்கவில்லை, திட்டவில்லை. பெரியவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். தாயும் மகளும் பின்கட்டில் தனியாக அடுப்பு மூட்டிக்கொண்டார்கள். மகளுக்குத் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பெரியப்பா முன்னால் நின்று பேசவில்லை என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வரவே இல்லை. அடுத்த நாள் விடியலில் தலைவரம்மா தொட்டிக்கு வந்து, தூணில் சாய்ந்து நின்றார்கள். அவர்கள் எதற்காக இப்படிக் கஷ்டப்பட வேண்டும் என்று எனக்குத் தாங்கவில்லை.

"பழையபடி மாத்திடட்டுமாம்மா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "கடைசித் தெருவுல புடிச்சு முடிச்சிட்டாங்களா, பாத்துட்டு வா."

அடுத்த தேர்தலிலும் பதவி பெண்களுக்கே. பெரியவர் இந்தத் தடவை மருமகளை நிறுத்தினார். தலைவரம்மா தனியாக நின்றார்கள். தோற்றார்கள். கடைசித் தெருவிலேயே பாதிக்குப் பாதி ஓட்டு பெரியவர் பக்கம் விழுந்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். எனக்கு அது அப்போது புரியவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் புரிகிறது. தண்ணீர் தினமும் வந்தது. தினமும் வருவதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? பெரியவரின் வேன் உயிர் போகிற நேரத்தில் வந்து நின்றது. அதை எந்தத் தாயும் மறக்கமாட்டாள். அந்த ஓட்டைப் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டுப் போடும்போது, தண்ணீரும் வேனும் ஒரே கையிலிருந்து வரவில்லை என்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று.

முடிவு தெரிந்த மறுநாள், "பழைய மாதிரி வுடுடா" என்று பெரியவர் சொல்லி அனுப்பினார். முதல் தண்ணீர் பெரிய தெருவுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் கடைசித் தெருவில் குழாய்கள் காற்றை மட்டும் விட ஆரம்பித்தன. மறுபடியும் குழி தோண்டினார்கள். உடைந்துபோன உறைகளுக்கு மாற்று இல்லாததால் தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. மீன்காரம்மா குழிக்குள் நின்றுகொண்டு, மண்ணை வாரி வெளியே எறிந்துகொண்டு, தலைவரம்மாவின் பெயரைச் சொல்லித் திட்டினாள். "இவ பேச்ச நம்பி மூடினேனே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." பெரியவரை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் தாயும் மகளும் ஊரை விட்டுப் போயிருந்தார்கள்.

சில வருடங்கள் கழித்து, மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்க மறைமலைநகர் போனவன், சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. தலை நரைத்திருந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றார்கள். பெரியவர் படுத்த படுக்கையாக இருப்பதைச் சொன்னேன். "யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டார்கள். நான் எதிர்பார்த்த தண்ணீர்க் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்த பிறகு திரும்பினார்கள்.

"தம்பி, கடைசித் தெருவுல மறுபடி குழி தோண்டிட்டாங்களா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"மீன்காரம்மா என்னத் திட்டுதா?"

நான் தரையைப் பார்த்தேன். பின்னால் நின்ற பெண்கள், "ஏறும்மா, ஏறு, நேரமாவுது" என்று தள்ளினார்கள். அவர்கள் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்கள்.

"இன்னும் திட்டுதுன்னா, அன்னிக்கு நான் சொன்னத அது நெசமாவே நம்பிகீது தம்பி. என்னை நம்பினது அது ஒண்ணுதான். அதுக்குத்தான் நான் துரோகம் பண்ணிட்டேன்."

இல்லை என்று சொல்வதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகிவிட்டது. இல்லைம்மா.

கார்த்திகை மாதம், மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை.