பார்வதம்மாவின் சிவந்த கண்

தங்கத்தை ஒளித்துவைக்கக் கண் என்ன முந்தானை முடிச்சா? ஒரு துளி மணல் விழுந்தாலே துடித்துப்போகிறோம். பார்வதம்மா தங்கக் கல்லை இமைக்குள் செருகிக்கொண்டு காவல்காரனைத் தாண்டினாளாம், அதனால் கண் சிவந்ததாம்! தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் மாரிகுப்பம் லைன் வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிற வாய்களே, நடந்ததைக் கேளுங்கள்.

சுரங்கத்துக்கு மேலே கொட்டகையில் உட்கார்ந்து தங்கம் ஓடிய கல்லைப் பொறுக்குகிறவள் அவள். ரயில் வந்த வருஷம், மழை விட்டதும், முதலில் விரல் முட்டிகள் வீங்கின. அப்புறம் இடது கண். ஊரில் வருகிற கண்வலி போலப் பீளை கட்டவில்லை. வெள்ளை விழி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. வலி கண்ணைக் குடைந்து தாடைவரை இறங்கியது.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார். "கல்லும் இல்ல, தூசும் இல்லம்மா. வெள்ள முழியே வீங்கிக் கெடக்குது. முட்டியில கீற நோவுதான் கண்ணுக்கும் வந்துகீது. பெங்களூர்ல கண்ணு டாக்டர் கீறாரு, சீக்கிரம் போ. இல்லாட்டி பார்வ பூடும்."

புருஷன் தசரதனும் பக்கத்தில் நின்று கேட்டான். கேட்டு என்ன? லைனில் கண் சிவந்தால் ஒரே வைத்தியம், கல் துகளை ரத்தினம்மா நாக்கால் எடுப்பாள். அவளைத்தான் கூட்டிவந்தான்.

ரத்தினம்மா வாயோரத்தில் வெற்றிலைச் சாறு வழிந்தது. பார்வதம்மாவின் தலையை மடியில் அழுத்தி, இமையை விரித்து, தடித்த நாக்கை விழிமேல் வைத்து இழுத்தாள். புகையிலைக் காரமும் அந்த வழவழப்பும்! ரத்தினம்மா தட்டில் துப்பி, எச்சிலை விரலால் கிளறினாள். வாசலில் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது.

"யக்கா, மினுக்குது பாரு!"

"அது பாக்குடி. கல்லு உள்ளாற கீது, நாளைக்கு ஒருதபா எடுக்கணும்."

மூன்று நாள் இதே கூத்து. இல்லாத பீளையும் வந்து சேர்ந்தது, ரத்தினம்மாவின் வாயிலிருந்து. இமை ஒட்டிக்கொண்டு நாறியது.

நான்காம் நாள் காலை பார்வதம்மா கொல்லைப்பக்கம் போனாள். தசரதன் அந்த எச்சில் தட்டில் தண்ணீர் விட்டு, பொடித்த கல்மாவில் தங்கம் அரிக்கிறமாதிரி சுழற்றி அரித்துக்கொண்டிருந்தான்.

"யோவ், இன்னாய்யா பண்ற?"

"கத்தாதமே. கெடச்சா நமக்குத்தான? நெஜத்த சொல்லு, எங்கேர்ந்து எடுத்த?"

அவள் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தாள். ஆறவைத்த வெந்நீரில் கண்ணைக் கழுவி, துவைத்த துணியால் கட்டினாள். மாற்றுப் புடவையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டாள்.

வாசலில் ரத்தினம்மா, புது வெற்றிலையோடு. "எங்கடி கெளம்பிட்ட? நாக்கு வெக்க வேணாமா?"

"அந்த நாக்க அந்த ஆளு தட்டுல வெய்யி யக்கா. அரிச்சிகினு கெடக்கட்டும்."

அவளை ஒதுக்கிவிட்டு, ஒற்றைக் கண்ணால் படியைப் பார்த்து இறங்கி, ரயிலடிப் பக்கம் நடந்தாள்.