வாசலில் நின்ற அம்மா

வீட்டுக்குச் சாயம் அடிக்க வந்தவர் டர்பன்டைன் டப்பாவைத் திறந்ததும், எப்போதோ இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது. ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்துண்டுகளைச் செதுக்கி, எங்கள் வரிசை வீடுகளையும் அங்கே குடியிருந்தவர்களையும் விரலளவில் செய்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டுவார்; கூடத்தில் எஞ்சின் புகையும் சாய வாசனையும் கலந்தே கிடக்கும். அந்தப் பொம்மை வரிசையில், எங்கள் வீட்டு வாசலில், பச்சைச் சேலை கட்டி அம்மா நின்றாள். அம்மா அதற்குள் இறந்துபோயிருந்தாள். அவளைப் புகைப்படம் எடுத்ததே இல்லை.

குவார்ட்டர்ஸைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரத் துரை அந்தப் பொம்மை வரிசையைப் பார்த்துவிட்டு, தன் மகளுக்கு வேண்டும் என்றார். அப்பா பொம்மைகளை ஒட்டியிருந்த பலகையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அம்மாவ மட்டும் எடுத்து வச்சிருக்கலாமேப்பா" என்று அழுதேன்.

"தொர கோவிச்சுக்குவாரும்மா. இந்த வீடு அவங்க குடுத்தது" என்றார்.

பிறகு பல ஞாயிறுகள் அம்மாவை மறுபடி செய்ய உட்கார்ந்தார். சேலை வந்தது, கொண்டை வந்தது, முகம் மட்டும் வரவில்லை. ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அம்மா மொகம் ஒனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

எனக்கும் இல்லை.