ஜெட் ஸ்கீயும் என் மச்சானும்

ரோட்டில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வரலாம். குளத்து நடுவில் நின்றுபோன ஜெட் ஸ்கீயில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கால் கரையைப் பார்க்க மட்டும்தான் முடியும். அப்படிப் பார்த்தவன் நான். கொடகவெலயில் கராஜ் வைத்திருக்கிறேன். எம்பிலிப்பிட்டியப் பக்கம் குளக்கரை ஹோட்டல் ஒன்றில் பழைய ஜெட் ஸ்கீ இரண்டு இருக்கின்றன. "இனிமேல் வருசம் பூரா எங்க படகுகளைப் பார்க்க ஒரே பாஸ் போதும். டிசம்பர்ல நத்தார் லீவுக்கு முன்னால் ஆளை முடிவு பண்ணுவேன்" என்றார் அந்த ஹோட்டல் மேனேஜர். பாஸ் என்றால் எங்கள் பக்கம் மெக்கானிக். அந்த ஒரே பாஸ் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இடைஞ்சல் ஒன்றுதான்: செல்வம். என் மனைவி தேவியின் அண்ணன். டுபாயில் படகு எஞ்சின் பார்த்துவிட்டு வந்து, எம்பிலிப்பிட்டிய டவுனில் கண்ணாடிக் கதவு வைத்து கராஜ் போட்டிருக்கிறார். கெட்டிக்கார மச்சான் வாய்த்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியாது.

பதுக்கிய பெட்ரோல்

முதல் ஜெட் ஸ்கீ ஸ்டார்ட் ஆகவில்லை. டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் நெடிதான் அடித்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலத்தில் கேனில் பதுக்கியதை, வீணாகப் போகக்கூடாதென்று இப்போது எடுத்து ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நாம் எல்லோருமே கட்டிலுக்கடியில் கேன் வைத்திருந்தவர்கள்தானே. டாங்கியைக் காலி செய்து, கார்பரேட்டரைக் கழற்றி, அதில் பெட்ரோல் போகிற, பிசின் பிடித்த சின்னத் துளைகளைக் கழுவிக் காற்றடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றினேன்.

பட்டனை அமுக்கியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். ஒரு பாராட்டுக்காக நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"நல்ல சத்தம். எதற்கும் செல்வம் பாஸைக் கூப்பிட்டு ஒருதடவை கேட்கச் சொல்லுவோம்" என்றார்.

புகை

இரண்டாவது ஜெட் ஸ்கீ, கொசுவுக்குப் புகையடிக்கிற மெஷின் மாதிரி புகை விட்டது. அதை ஓட்டுகிற முருகேசு பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன், அங்கே புல் வெட்டும் மெஷின் பிடித்தவன். அந்த மெஷினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அந்தப் பழக்கத்தில் இதற்கும் கலந்திருக்கிறான். இதற்கோ எண்ணெய்க்கென்று தனி டாங்கி உண்டு, தானே கலந்துகொள்ளும். ஆக, இரண்டு பங்கு எண்ணெய். நான் காலையெல்லாம் குனிந்து, பிளக்கைக் கழற்றி, அது கறுத்து நனைந்திருப்பதைப் பார்த்து, ஒரு வழியாக விஷயத்தைக் கண்டுபிடித்து அவனிடம் சொன்னேன்.

"செல்வம் அண்ணே அதத்தாங்க சொன்னாரு. போன்ல பொகைய காட்டுனேன், பாத்த ஒடனே சொல்லிட்டாரு. நீங்க ஆசையா கழட்டிக்கிட்டு இருந்தீங்க, அதான் குறுக்க பேசல."

வீட்டில்

அன்று சாப்பிடும்போது தேவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கூப்பிடாத இடத்தில் உன் அண்ணனுக்கு என்ன வேலை என்றும் கேட்டேன். இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றினாள். எனக்காகப் பேசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணே சட்டையில ஒரு கறை இருக்காதுங்க. எப்படித்தான் வேல செய்யுதோ."

குளத்து நடுவில்

ஆயுத பூசைக்கு மச்சான் தன் செலவிலேயே அந்த ஹோட்டலில் பூசை வைத்தார். ஜெட் ஸ்கீ இரண்டுக்கும் மாலை, சந்தனம், குங்குமம். மேனேஜர் பேஸ்புக்கில் படம் போட்டார். நான் லைக் போடவில்லை.

அதற்குப் பிறகு முதல் ஜெட் ஸ்கீ கொஞ்ச தூரம் போவதும், இருமுவதும், நின்றுவிடுவதுமாக இருந்தது. கரைக்கு இழுத்துவந்து திறந்து பார்த்தால் ஒழுங்காக ஓடும். மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டார். முடிவு இன்றைக்குத்தான் என்று எனக்குப் புரிந்தது. மச்சான் லேப்டாப்போடு வந்தார். இந்தக் கிழட்டு மெஷினில் அதைச் சொருக இடமே இல்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், நான் பிளக்கை மாற்றினேன். பிறகு நானே ஓட்டிப் பார்க்கப் போனேன்.

குளத்து நடுவில் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. பட்டனை அமுக்கினால் ஓடுகிறது. மூடிக்கொண்டு போனால் மறுபடி நிற்கிறது. டாங்கிக்குக் காற்று போகவில்லை. காற்றுக்கென்று பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டையைத் தடவினேன். வெளியே இருந்தது தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. உள்ளே சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. மச்சான் வைத்த சந்தனம். மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு கரைக்குத் திரும்புகிற வழியெல்லாம், மேனேஜரிடம் இதை எப்படிச் சொல்வதென்று சிங்களத்தில் ஒத்திகை பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மெஷினையும் ஓட்டியதில்லை.

கரையில் அந்த ஓட்டையைக் காட்டினேன், அவ்வளவுதான். நான் வாயெடுப்பதற்குள் மச்சான் சிரித்துவிட்டார். "ஐயோ மாத்தயா, அந்தச் சந்தனத்த வச்சது நான்தான். மச்சான் இல்லாட்டி நான் எஞ்சினையே எறக்கியிருப்பேன்" என்றார் மேனேஜரிடம். மேனேஜர், முருகேசு, எல்லோரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். என் ஒத்திகை வாய்க்குள்ளேயே நின்றது. மேனேஜர் என் தோளில் கை வைத்தார்.

"வேலை உனக்குத்தான் பாஸ். உன்னையே போடச் சொல்லி செல்வம் போன மாசமே சொல்லிவிட்டார்."

ஆக, வேலையும் பேரும் கிடைத்துவிட்டன, மச்சான் மேல் பொறாமைப்பட இருந்த ஒரே நியாயமான காரணம்தான் கையை விட்டுப் போனது, அதற்கும் அவர் மேல்தான் எரிச்சலாக வருகிறது.