டீச்சர் வீட்டு மோட்டார்

அந்தத் தெருவில் தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணினால் எல்லோரும் மெக்கானிக்கான அவரைத்தான் தேடிப் போவார்கள். மூடியைக் கழற்றாமலே, சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தச் சத்தமே ஒரு கட்டத்தில், அவர் காதுக்கு மட்டும், அவரைப் பற்றிப் புறம்பேசத் தொடங்கியது. எதிர்வீட்டு டீச்சரின் மோட்டார்தான் அதிகம் ஏசியது. ஒரு நாள் சுத்தியலோடு போய் அதை நொறுக்கினார். தடுக்க வந்த டீச்சரை, காது கூசும் வார்த்தைகளால் தெருவே கேட்கத் திட்டினார். நாலு பேர் பிடித்து, மருத்துவமனை வண்டி வரும்வரை டீச்சர் வீட்டுக் கேட்டிலேயே கயிற்றால் கட்டிப்போட்டார்கள்.

இரண்டு வருடம் ஓடியது. மாத்திரைக்குக் குரல்கள் அடங்கின. திட்டிய வார்த்தைகள் மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவில் நின்றன. எதிர்வீட்டுக் கதவு திறந்தால் இவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

மனநலத் திட்டத்திலிருந்து வாராவாரம் வீடு தேடி வரும் பணியாளர்ப் பெண், பழைய வேலையைத் தொடச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை வேலையோடேயே வந்தாள்.

"அண்ணே, டீச்சர் வீட்டு மோட்டார் ஓடலையாம். உங்களை அனுப்பட்டுமான்னு கேட்டேன். வரச் சொன்னாங்க."

"அந்த வீடு மட்டும் வேணாம்மா. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சியோடயே வாங்க. நான் வாசல் கேட்டுப் பக்கத்துலயே நிக்கிறேன்."

மனைவி கருவிப் பையைக் கையில் திணித்தாள். பத்தடித் தெருவைக் கடந்து போனார். டீச்சர் மூலையைக் காட்டினார். புது மோட்டார். இவர் உடைத்ததற்குப் பதிலாக வாங்கியது. மூடியைக் கழற்றிப் பார்த்தார். மோட்டாரைக் கிளப்பும் கண்டென்சர் போயிருந்தது. மாற்றிவிட்டு, நிமிராமலே சொன்னார்:

"அக்கா, அன்னைக்கு என் வாயில வந்ததெல்லாம்..."

"விடுப்பா." டீச்சர் மோட்டாரைப் பார்த்துச் சொன்னார். "கயிறு எடுத்துக் குடுத்ததே நான்தான். நீ தண்ணி தண்ணின்னு கேட்டே. உள்ள இருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். கதவைத் திறக்கலை."

கயிறு யாருடையது என்று அவர் யோசித்ததே இல்லை. கருவிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"சுவிட்சைப் போடுங்கக்கா."

ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "டீச்சர் என்ன சொன்னாங்க?"

"கண்டென்சர்தான் போயிருந்துச்சு."

அதற்கப்புறம் டீச்சர் சொல்லி இன்னும் இரண்டு வீடுகளில் கூப்பிட்டார்கள். போய்வருகிறார். கயிற்றுச் சங்கதியை மட்டும் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவுக்கு அசிங்கம்.