ஏர்வெல்லில் ஏறி வந்த மிளகாய் நெடி

பரிமளா போய்விட்ட செய்தியை அவருடைய தங்கை பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, தேக்காவில் எங்கள் அலுவலகத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்த்தளத்தில் ஷாகுல் பாயின் மாவு மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. "அக்கா தூக்கத்துலேயே போயிட்டாங்கண்ணே" என்றார் அவர். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல்தான் வந்தது. அது நிற்கும்வரை அவர் அழுதபடி காத்திருந்தார். இப்படியும் ஒருவன் துக்கம் விசாரிப்பானா என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனால் அந்த வெட்கம் தும்மலுக்கானது மட்டுமல்ல. பரிமளாவை அறிந்த உங்களிடம் அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத என் கை வரவில்லை.

நாங்கள் இருவரும் கட்டடக் கலைஞர்கள். படித்து முடித்ததும் தஞ்சோங் பகாரில் ஒரு பெரிய அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்தோம். பிறகு துணிந்து, சேர்ந்தே சொந்தமாகத் தொழில் தொடங்கினோம். கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளை இடிக்காமல் சீர்செய்து, மறுபடி மனிதர் புழங்கும் இடமாக ஆக்குவதுதான் எங்கள் வேலை. எனக்குச் சுவர் முக்கியம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, அடியில் இருக்கும் முதல் நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு அன்றைக்குத் தீபாவளி. பரிமளா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சுவருக்கு மேக்கப் போட்டாச்சு, சரி. இங்க இருந்தவங்கள்ல யாரு திரும்பி வர்றாங்க?" என்பார். எத்தனையோ கூட்டங்களில் அந்தக் கேள்வி பலரின் முகத்தைச் சுருங்க வைத்தது. என் முகத்தையும்தான்.

இப்போது எங்கள் அலுவலகம் இருக்கும் கடைவீட்டையே நாங்கள்தான் சீர்செய்தோம். வேலை நடந்தபோது வேறிடத்துக்குப் போயிருந்த ஷாகுல் பாயின் மில் திரும்பி வரக்கூடாது என்று கட்டட உரிமையாளர் நினைத்தார். மேலே அலுவலகங்கள் வரும்போது கீழே மிளகாய் நெடி எதற்கு என்பது அவர் வாதம். வெளியே சொல்லவில்லையே தவிர, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பரிமளா விடவில்லை. வீட்டின் நடுவே வானம் பார்க்கத் திறந்திருக்கும் ஏர்வெல்லை யாரோ எந்தக் காலத்திலோ தகரம் போட்டு மூடியிருந்தார்கள். அதைப் பிரிக்கச் சொன்னார். மில் இயந்திரத்தை அதன் அடியில் நிறுத்தச் சொன்னார். மேல்மாடியில் ஏர்வெல் பக்கம் மரச்சட்டச் சன்னல்கள் வைத்தார். தெருப்பக்கச் சன்னலில் நுழையும் காற்று அறையைக் கடந்து ஏர்வெல் வழியாக மேலே போகும்; போகிற போக்கில் நெடியையும் கூரைக்கு மேல் கொண்டுபோய்விடும். "வீடு மூச்சு விட்டா ஏர்கானும் பாதி போதும், பாயும் இருக்கலாம்" என்று உரிமையாளரிடம் சொன்னார். பாய் திரும்பி வந்தார். நாங்களும் மேல்மாடிக்கு வாடகைக்கு வந்தோம்.

நெடி அறவே வராமலில்லை. காற்று திசைமாறும் நாளில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். யாராவது தும்மினால் பரிமளா தலையைத் தூக்காமலே "ஆயுசு நூறு!" என்பார். மறுபடி தும்மினால் "இருநூறு!" சில வேளை கீழே பாயின் காதில் விழுந்து, அவரும் ஏர்வெல் வழியாக ஒரு "நூறு" போடுவார். புதிதாகச் சேர்ந்த ஹரிணி, "வாட் இஸ் திஸ், அக்கா? ஏலம் போடறீங்களா?" என்று கேட்டாள். "நம்ம ஊரு ப்ளெஸ் யூ லா" என்றார் பரிமளா. "ஓசியில கிடைக்குது, வாங்கிக்க."

அவர் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு ஆன பிறகு, புழுக்கம் தாங்கவில்லை என்று அலுவலகத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஏர்கானை நாள் முழுக்க ஓட விட்டோம். குளிர் வெளியே போகிறதே என்று ஏர்வெல் சன்னல்களின் மேல் கண்ணாடி பதித்து, விளிம்பில் பசை பூசி அடைக்கச் சொன்னேன். வேறு யாருமல்ல, நான்தான் சொன்னேன். அதற்கப்புறம் நெடி கூடிப்போயிற்று. போக வழியில்லாத காற்றைக் கழிவறை விசிறி படிக்கட்டு வழியாக இழுத்து, மில்லையே எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தது. இது தெரியாத ஆளா நான்? மூச்சு விடும் கட்டடம் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவன். அடைத்த பிறகும் அதே சன்னலின் பழைய படத்தைத் திரையில் காட்டிப் பேசிக் கைதட்டு வாங்கினேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது வேறெங்கும் இல்லை, எங்கள் மாடியில்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உரிமையாளர் அழைத்தார். மில்லின் குத்தகை முடிகிறது, கேக் கடை வைக்க ஒருவர் கேட்கிறார் என்றார். "மேல நீங்க ஓகேன்னா பாய் இருக்கட்டும். கஷ்டமா இருக்குன்னா சொல்லுங்க, மாத்திடலாம்." ஒரு குடும்பத்தின் பிழைப்பு என் வாயில் இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மனத்துக்குள் 'கஷ்டமாக இருக்கிறது' என்று சொல்லவே வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பாசிர் ரிஸ்ஸுக்குப் போய்ப் பரிமளாவைப் பார்த்தேன். மிகவும் இளைத்திருந்தார். மில்லைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"நெடி வருதா, குணா?"

"வருது, கொஞ்சம்."

"சன்னலைத் திறந்துதானே வச்சிருக்கே?"

"ஆமா" என்றேன். உடனே, வாங்கிப் போன பப்பாளி நன்றாகப் பழுத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். ஷாகுல் பாயும் வந்தார். அவரைப் பார்த்ததும் நான் நாற்காலிகளை ஒழுங்குபடுத்துவதுபோல் நகர்ந்தேன். அவர் தேடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க சம்மதம் இருந்தா குத்தகை தொடரும்னு ஓனர் சொன்னதைப் பரிமளாம்மாகிட்ட சொல்லியிருந்தேன். நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு அவங்க சொன்னாங்க சார். போன் பண்ணி, 'குணாகிட்ட போய் நிக்காதீங்க பாய், அவன் ஆமான்னுதான் சொல்வான், நீங்க மிஷினுக்குப் புது பெல்ட் மாத்துங்க'ன்னாங்க. மாத்திட்டேன். ரொம்ப நன்றி சார்."

பக்கத்தில் நின்ற ஹரிணி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். நான் உரிமையாளருக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். செய்யாத நன்மைக்கு, பரிமளாவின் உடல் முன்னே நன்றி வாங்கிக்கொண்டு நின்றேன். பாய் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று எனக்கு அழுகை வந்ததைப் பார்த்து நண்பர்கள் சிலர் ஆறுதல் சொன்னீர்கள். அது முழுக்கத் துக்கமில்லை என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

காரியங்கள் முடிந்து அலுவலகம் திறந்ததும், மாடி ஏறுமுன் நடைபாதையில் நின்றே உரிமையாளரை அழைத்து, பாய் இருக்கட்டும் என்றேன். பிறகு ஹரிணியும் நானும் கத்தியால் பசையைச் சுரண்டிக் கண்ணாடிகளைக் கழற்றினோம். தெருப்பக்கச் சன்னல்களையும் திறந்தோம். வரைபடங்கள் பறந்தன. எல்லோருக்கும் வேர்த்தது. கீழே மில் ஓடத் தொடங்கியது. நெடி எங்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தது. நான் தும்மினேன். எல்லோரும் பரிமளாவின் காலி நாற்காலியைப் பார்த்தோம்.

"ஆயுசு நூறு!" என்று கீழேயிருந்து பாயின் குரல் வந்தது.

சற்றுப் பொறுத்து, பைகளில் கட்டிய தே தாரிக் தேநீரோடு அவரே மேலே வந்தார். சன்னலைப் பார்த்தார். "திறந்துட்டீங்களா சார்" என்றார். "மேல அடைச்சிருக்காங்கன்னு நான்தான் ஒருநாள் வாய் தவறி அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீங்க அவங்களைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியே, பெல்ட் மாத்தச் சொல்றதுக்கும் முன்னாடி. கோபப்படுவாங்கன்னு நெனச்சேன். படலை."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'திறப்பான் பாய்'னாங்க."

ஆகவே, நான் பப்பாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தபின்தான் என் பெயரில் பாய்க்கு வாக்கும் கொடுத்திருக்கிறார். பரிமளா வரைந்த கட்டடங்கள் ஊருக்கு இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்தான்: திறப்பான். அவர் அதைச் சொன்னபோது சன்னல் மூடியிருந்தது.