அமிர்தவல்லியின் நெற்றிக்காசு

அறந்தாங்கிவாழ் பெருமக்கள் அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. நாணய ஆராய்ச்சி உலகையே உலுக்கியிருக்க வேண்டிய சம்பவம் ஒன்று, போன வைகாசியில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கும் தெருவில் நடந்தது. கதை கட்டவில்லை. நிஜமாகவே நடந்தது. சம்பந்தப்பட்டவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

பெயர் ஆண்டியப்பன். விசிட்டிங் கார்டில் ‘நாணய ஆய்வறிஞர்’ என்று போட்டிருப்பார். ஆய்வு என்பது, டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் தரும் மீதிச் சில்லறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. விலை கொடுத்து வாங்க மாட்டார். புழக்கத்தில் சுற்றி, தானாகக் கைக்கு வர வேண்டும். அது கொள்கை. ஆல்பத்தில் ஒரே ஒரு குழிதான் காலி: 1996ஆம் வருடத்து ஒரு ரூபாய், வருடத்துக்கு அடியில் நட்சத்திரம் போட்டது. அந்தக் குழியைத் தடவிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

எதிர்வீட்டு அமிர்தவல்லி இறந்துபோனார். குவைத்திலிருந்து மகன் கண்ணன் வரும்வரை உடல் ஃபிரீசர் பெட்டியில். உச்சி வெயில் நேரம். மகள் அருணா ஆண்டியப்பனிடம் வந்தாள்.

“மாமா, கொஞ்சம் அம்மாகிட்ட இருங்க. அண்ணன் திருச்சியில எறங்கிட்டானான்னு கேட்டுட்டு வாரேன்.”

கூடத்தில் அவர் மட்டும். பெட்டி ‘ம்ம்ம்...’ என்று முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே அமிர்தவல்லியின் நெற்றி. அதில் சந்தனம் வைத்து ஒட்டிய ஒரு ரூபாய். துக்கம் ஒருபுறம் இருக்க, அறிஞர் குனிந்தார்.

1996. அடியில் நட்சத்திரம்.

இதைத் திருட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ‘பரிமாற்றம்’ என்பார். மூடியைத் தூக்கினார். காசை எடுத்துக்கொண்டு, சட்டைப்பையில் கிடந்த வேறொரு ரூபாயை அதே இடத்தில் வைத்தார்.

உள்ளே எல்லாம் ஜில்லென்று இருந்தது. அந்தக் காசு மட்டும்... சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் காசைக் குழியில் செருகினார். ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நிம்மதியாகக் கட்டிலில் சாய்ந்தார்.

டக்.

எழுந்து பார்த்தார். காசு தரையில் கிடந்தது. பீரோ பூட்டியபடியே இருந்தது.

மறுபடி செருகினார். டேப் ஒட்டினார். படுத்தார்.

மனைவி பொற்கொடியின் சிரிப்பு எழுப்பியது.

“என்னங்க கூத்து இது? காசை நெத்தியில ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கீங்க?”

“நீ வச்சியா?”

“எனக்கு வேற வேலை இல்ல பாருங்க.”

தொட்டார்.

சந்தனம். ஈரம் காயவில்லை.

அவர்கள் வீட்டில் சந்தனமே கிடையாது.

திருப்பி வைத்துவிட வேண்டும்... உடல் கிளம்புவதற்குள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பறைச் சத்தம் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. வண்டி போய்விட்டது. வாசலில் அருணா.

“அருணா... அம்மா நெத்தியில இருந்த காசு...”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நீங்கதான் வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் மாமா. வீட்டுல ஒத்தக் காசு இல்ல. எல்லாம் ஜிபேதானே? வெறும் நெத்தியோட அனுப்புறோமேன்னு காலையிலேருந்து அழுதுக்கிட்டிருந்தோம். நீங்க வந்துட்டுப் போனப்புறம் பாத்தா... காசு இருக்கு.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணுமே இல்ல மாமா.”

உள்ளங்கையை விரித்தார். நட்சத்திரம் இருந்தது. சுட்டது.

டீக்கடையில் மாற்றித் தொலையுங்கள் என்று பொற்கொடி தினமும் சொல்கிறாள். செட் உடைந்துவிடுமாம், அறிஞர் மறுக்கிறார்.

இப்போதெல்லாம் ஆண்டியப்பன் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறார்.