பதினொன்று நாற்பதுக்கு வந்த உத்தரவு

அல்வாலில் ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடுகள் இருந்தன. இப்போது முப்பது. குறைந்த அந்த ஒன்று என் நண்பருடையது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். இரண்டு அறை, ஒரு சமையலறை. மனைவி போன பிறகு தனியாக இருந்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீடு ஏரி எல்லைக்குள் வருகிறது, ஏழு நாட்களில் காலி செய்யாவிட்டால் இடிக்கப்படும் என்று பதினொரு வரிகள். கீழே கையெழுத்து இருந்தது, பெயர் இல்லை.

உடனே வக்கீலிடம் போகலாம் என்றாள் அவருடைய மகள். நான்தான் தடுத்தேன். பொதுத்துறைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அங்கே மெமோ கொடுத்தால் பதில் எழுதுவோம். அதை மறுத்து எழுத்தில் தந்த பிறகுதான் அடுத்த நடவடிக்கை. அரசாங்கமும் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நினைத்தேன். நான்கு பக்கப் பதில், பதினான்கு இணைப்புகள். செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் விட்ட அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம்.

"இந்த ஸ்டாம்புதான் உங்க வீட்டுக்குப் பூட்டு" என்றேன்.

"பூட்டு சரி அண்ணா. சாவி அவங்க கையில கீதே" என்று சிரித்தார்.

"ஒட்டின நாளைச் சேர்க்கக் கூடாது. அப்போ கெடு முடியறது அடுத்த சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டு மணிக்கு. அதுக்குள்ள அவங்க பதில் சொல்லியாகணும்."

"ஹவ் அண்ணா, சரிதான், நீங்க எண்ணினா தப்புமா? வாக்கிங் போனா எருமையைக்கூட எண்ணறவராச்சே."

பதில் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு இரண்டு ஜேசிபிகளும் ஒரு போலீஸ் வேனும் வந்தன. சனிக்கிழமை உயர் நீதிமன்றம் நடக்காது என்பது, அத்தனை முறை நாட்களை எண்ணிய எனக்கு உறைக்கவில்லை. வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். நகலை நீட்டி, கெடு முடிய இன்னும் பதினேழு மணி ஐம்பது நிமிடம் இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னேன். மரியாதையாக வாங்கி முதல் பக்கத்தை முழுதும் படித்தார்.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள் சார். ஆனால் மேலிடத்து உத்தரவு."

"மேலிடம் என்றால் யார்?"

"அது எனக்கும் தெரியாது சார்."

சாமான்களை எடுக்க இருபத்தைந்து நிமிடம் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று உருப்படிகள் வெளியே வந்தன. கட்டிலை வெளியே கொண்டுவர முடியவில்லை. அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்திய கட்டில் அது, வாசலில் நுழையாது. எட்டு இருபத்தைந்துக்கு வீடு தரைமட்டமாகியிருந்தது.

இதற்கிடையில் மகள் வக்கீலுக்குப் போன் செய்திருந்தாள். அவசர வழக்கென்றால் விடுமுறை நாளில் நீதிபதி வீட்டிலேயே கேட்பாராம். கேட்டார். பதினொன்று நாற்பதுக்கு உத்தரவு கைபேசியில் வந்தது. இடம் இப்போதுள்ள நிலையிலேயே இருக்க வேண்டும், இரு தரப்பும் எதையும் மாற்றக் கூடாது, அரசு நான்கு வாரத்தில் பதில் மனு தாக்கல் செய்ய வேண்டும்.

நான் அதைப் படித்துக் காட்டினேன்.

"இப்போ இருக்கறது இன்னாண்ணா? செங்கல்லுதானே?" என்றார்.

மத்தியானம் வெயில் ஏறியதும் சாமான்களுக்கு மேல் நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டப் போனோம். காவலுக்கு விட்டுப்போன போலீஸ்காரர் கைபேசியோடு எழுந்து வந்தார். உத்தரவு அவருக்கும் வந்திருந்தது.

"நக்கோ சாச்சா, நக்கோ. கோர்ட் ஆர்டர். எதையும் மாற்றக் கூடாது" என்று உருதுவில் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. நானும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

நண்பர் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டார். இப்போது ஏ.எஸ்.ராவ் நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். வழக்கு இதுவரை ஒன்பது முறை தள்ளிப்போயிருக்கிறது. அரசின் பதில் மனு இன்னும் வரவில்லை. மாதம் இரண்டு முறை பஸ் பிடித்துப் போய் அவரைப் பார்க்கிறேன். மகள்தான் காபி கொண்டுவந்து தருவாள். நோட்டீஸ் ஒட்டிய அன்றே வக்கீலிடம் போயிருக்கலாமே என்று அவள் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.